விசில் ஊதினால் கை தூக்க வேண்டும்

மண்டபம் முகாம்,
21-10-1963

அன்பு மகன் நாகநாதனுக்கு அய்யா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம். உனக்கு வேளைக்குச் சோறும் உடம்புக்குச் சுகமும் கிடைக்க நயினார்கோவில் நாகநாதர் துணை இருக்கட்டும்.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. எட்டுப் பக்கம். கூடைப்பந்து விளையாட்டுக்கு இத்தனை சட்டம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் உன்னை வக்கீலுக்கே படிக்க வைத்திருப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து.

முதலில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கல்லூரிகளை மோதவிட்டு, நன்றாக ஆடுகிற பன்னிரண்டு பேரைப் பொறுக்க வேண்டும். நம் பல்கலைக்கழகம் பொறுக்கிய பன்னிரண்டில் நீ ஒருவன், அதிலும் நீதான் கேப்டன். அப்புறம் இந்தியாவை நாலு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். நம் மண்டலத்து ஆட்டம் டிசம்பர் முதல் வாரம் பெங்களூரில். அங்கே ஒரே ஒரு ஆட்டம் தோற்றாலும் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேற வேண்டும். கடைசி வரை தோற்காமல் நின்ற அணி நாக்பூர் போகும். அங்கே நாலு மண்டலத்து நாலு அணியும் ஒருவரோடு ஒருவர் ஆட வேண்டும், ஆக ஆளுக்கு மூன்று ஆட்டம். அங்கே மட்டும் தோற்றவுடன் விரட்ட மாட்டார்கள். ஜெயித்தால் இரண்டு புள்ளி, தோற்றால் ஒரு புள்ளி. தோற்றவனுக்கு எதற்கு ஒன்று என்று நான் கேட்பேன் என்று தெரிந்து நீயே எழுதிவிட்டாய், வந்து நின்று ஆடியதற்காம். மைதானத்துக்கே வராதவனுக்குத்தான் சுழி. மூன்று ஆட்டத்துப் புள்ளியையும் கூட்டி எவனுக்கு அதிகமோ அவன் அகில இந்தியாவுக்கும் முதல். சரிதானே?

நான் பார்த்தது உன்னுடைய ஒரே ஒரு ஆட்டம். போன வருடம் ராமநாதபுரத்தில் உங்கள் கல்லூரி வந்து ஆடியபோது. ஐந்து பேர் உள்ளே, மற்றவர்கள் பெஞ்சில். இருபது நிமிடம் ஒரு பாதி, இருபது நிமிடம் இன்னொரு பாதி. கூடையைப் பார்த்து எம்பி எம்பிக் குதித்தீர்கள். நடுவில் நாலைந்து பேர் ஒரே குவியலாக மோதி ஒருவன் விழுந்தான். விசில் ஊதினார்கள். யார் தள்ளியது என்று எனக்குத் தெரியவில்லை, கூட்டத்துக்கும் தெரியவில்லை. நீ பாட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். உன் பெயரில் ஒரு தப்பு எழுதிக்கொண்டார்கள். ஐந்து தப்பு சேர்ந்தால் ஆட்டத்தை விட்டு வெளியே போய் உட்கார வேண்டுமாம். முடிந்து டீ குடிக்கும்போது, ஏலே, யாருக்குமே தெரியல, நீ எதுக்குத் தூக்குன என்று திட்டினேன். விசில் ஊதினா தப்புப் பண்ணவன் தானாக் கை தூக்கணும் அய்யா, அதான் ரூல் என்றாய். நம்ம பிள்ளை பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று உன் அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் போட்டோ ஒட்டிக் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட படிவம் போக வேண்டும் என்றும், இந்த ஜூலை முதல் தேதிக்கு இருபத்தைந்து வயது முடிந்தவன் ஆடக் கூடாது என்றும், உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 11-3-1938 என்று இருப்பதால் உன் படிவம் திரும்பி வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். நீ கார்த்திகை மழையில் பிறந்தவன் என்று அம்மா எப்போதும் சொல்கிறாளே, மார்ச்சில் ஏது கார்த்திகை என்று கேட்டிருக்கிறாய். தாலுகா ஆபீஸ் பிறப்புப் பதிவேட்டில் வேறு தேதி இருந்தால் அதன் நகலும், தாய் தகப்பன் சத்தியம் செய்த காகிதமும் நவம்பர் இருபதுக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் உன் பெயரை அடித்துவிடுவார்கள். பட்டியல் போன பிறகு வேறு ஆளைச் சேர்க்க முடியாது, உன் அணி பதினொரு பேரோடு, கேப்டன் இல்லாமல் போக வேண்டும். வயதை மறைத்து ஆடினாலோ, எதிரணி புகார் கொடுத்தால், ஆடிய அத்தனை ஆட்டமும் தோற்றதாகிவிடும். ஆட்டத்தைப் பார்த்து வேலை கொடுக்கப் பெரிய கம்பெனி ஆட்கள் நாக்பூர் வருவார்கள் என்பதையும் படித்தேன்.

புதன்கிழமை லீவு போட்டு ராமநாதபுரம் போய் விசாரித்தேன். அந்த வருடத்துப் பதிவேடு மழையில் நனைந்து கரையான் அரித்துவிட்டதாம். கையை விரித்துவிட்டார்கள். அதனால் புத்தகத்தில் உள்ளதுதான் உன் தேதி. கார்த்திகை என்று உன் அம்மா சொல்வது பிள்ளைப் பாசத்தில் சொல்வது. ஆட்டம் போனால் போகட்டும். எம்.ஏ. பரீட்சையைப் பார். பந்தைத் தூக்கிப் போட்டுச் சோறு தின்றவன் எங்கள் வம்சத்தில் யாரும் இல்லை.

இந்த விஷயமாக அம்மாவுக்குத் தனியாக எழுதாதே. அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சாலிஹாவிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வாள். வீண் பேச்சு.

இங்கே வேறு சேதி என்றால், கம்பவுண்டர் ஊருக்குப் போயிருக்கிறார். அவர் வரும்வரை மருந்து அளந்து ஊற்று என்று என்னைச் சொன்னார்கள். முடியாது, வேண்டுமானால் வார்டு முழுக்க இரண்டு தரம் கழுவி விடுகிறேன் என்றேன். கழுவிக்கொண்டிருக்கிறேன். மழை ஆரம்பித்துவிட்டது. மேல் துணி இல்லாமல் மைதானத்தில் நிற்காதே.

ஆசியுடன்,
உன் அய்யா
முத்தழகு


மண்டபம் முகாம்,
9-11-1963

அன்பு மகனுக்கு அய்யாவின் ஆசி.

செய்யாதே என்று சொன்னதை உடனே செய்கிற பிள்ளை நீ. அம்மாவுக்கு நீ எழுதிய கார்டைச் சாலிஹா கொல்லைப்புறத்தில் நின்று சத்தமாகப் படித்திருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா குழம்புக் கரண்டியைக் கையில் வைத்தபடியே நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். பிள்ள பேரை அடிக்கப் போறாகளாம், நீங்க ராமநாதபுரம் போயி ஏடு இல்லைன்னு சொன்னீகளாமே, என்னைக்குப் போனீக என்று வார்டில் எல்லாரும் பார்க்கக் கேட்டாள்.

நான் போகவில்லை. கரையான், மழை எல்லாம் நான் எழுதிய பொய். பெற்ற பிள்ளையிடம் பொய் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஏன் எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு ஆண் பிள்ளை இருந்தான். அவன்தான் 11-3-1938-இல் பிறந்தவன். நாகநாதன் என்பது அவன் பெயர். அடுத்த வருடம் முதுகுளத்தூர்ப் பக்கம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நானும் உன் அம்மாவும் அவனைத் தூக்கிக்கொண்டு இந்த முகாமுக்கு வந்தோம். கப்பலுக்குப் போகிற எல்லாரையும் ஏழு நாள் இங்கே நிறுத்தி, அம்மை குத்தி, குளிப்பாட்டி, துணியை ஆவியில் வைத்து, நோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தனுஷ்கோடிக்கு ரயிலேற்றுவார்கள். ஏழாம் நாள் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான். ஒன்றேகால் வயது. புதைத்துவிட்டுக் கப்பலேற மனசு வரவில்லை, ஊருக்குத் திரும்பவும் மனசு வரவில்லை. முகாம் ஆஸ்பத்திரியிலேயே துடைக்கிற கழுவுகிற வேலை கேட்டேன், கொடுத்தார்கள். எழுதப் படிக்கக் கற்றதும் இங்கேதான்.

அடுத்த வருடம் கார்த்திகையில் நீ பிறந்தாய். முதல் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது நம் பக்கத்து வழக்கம். இது எங்கள் பிள்ளை இல்லை, யாரோ பெற்றது என்று எமனை ஏமாற்றத்தான். அப்போது சாலிஹா கல்யாணமாகி வந்து மூன்று மாதம் ஆன பெண். உன்னைச் சுளகில் கிடத்திக் கொல்லை வாசல் வழியாக அவள் கையில் கொடுத்தோம். அவள் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டு, என் பிள்ளையை நல்லா வளத்துக் குடு லாத்தா என்று, அக்காளிடம் சொல்வது போல, உன் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள். அதனால்தான் அவள் இன்றுவரை உன்னை என் மகன் என்கிறாள். வீட்டில் நாங்கள் உன்னைத் தவிடா என்று கூப்பிடுவதும் அதனால்தான். நீ சின்னதில் நோஞ்சானாக இருந்தாய், அதற்காக வைத்த பெயர் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம். முகாமிலிருந்து தாலுகா ஆபீசுக்குப் போகிற பிறப்பு ஏட்டிலும் தவிடன் என்றே எழுதச் சொன்னேன்.

ஆறு வயதில் உன்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பிறந்த காகிதம் கேட்டார். பெட்டியில் இருந்தது இலங்கைக்குப் போக எடுத்த மூத்தவன் காகிதம் ஒன்றுதான். உனக்கு எடுக்கத் திரும்பவும் தாலுகா ஆபீசுக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை. இருந்ததைக் கொடுத்தேன். அன்றிலிருந்து நீ நாகநாதன். போனவனே வந்த மாதிரி இருக்கு, இருக்கட்டும் என்று அம்மாவும் சொன்னாள். இப்போது பார், அவன் வயது உன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

செத்தவன் பேரை இவனுக்குச் சூட்டினது நாம, அதால இவன் பிழைப்புக் கெடக் கூடாது, கெளம்புங்க என்று உன் அம்மா நின்றாள். வியாழக்கிழமை இரண்டு பேரும் போனோம். உன் பிறப்புப் பதிவு பத்திரமாக இருந்தது. தவிடன், ஆண், தகப்பன் முத்தழகு, தாய் பஞ்சம்மாள், 24-11-1940. ஏட்டில் உள்ள நாகநாதனும் தவிடனும் ஒரே ஆள் இல்லை என்று காட்ட மூத்தவனின் இறப்புப் பதிவு நகலும் வேண்டும் என்றார்கள். அதையும் எடுத்தோம். உன் அம்மா கைநாட்டு வைக்க வேண்டும் என்பதால் குமாஸ்தா எல்லாக் காகிதத்தையும் முதலிலிருந்து கடைசி வரை அவளுக்குப் படித்துக் காட்டினார். பிறகு மாஜிஸ்திரேட்டு முன்னால் சத்தியம் செய்தோம். எல்லாவற்றையும் உன் பல்கலைக்கழக ஆபீசுக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். இருபதுக்கு முன்னால் போய்ச் சேரும். உன் பெயரை யாரும் அடிக்க முடியாது.

திரும்பி வரும்போது உன் அம்மா ரயிலில் ஒன்றும் பேசவில்லை. அலைச்சல்தான். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. கேட்டால் விரதம் என்கிறாள். நீ கவலைப்படாதே.

சாலிஹா உனக்குச் சலாம் சொல்லச் சொன்னாள். என் மகன் ஜெயிச்சு வரணும்னு துஆ செய்யிறேன்னு எழுதுங்கண்ணே என்றாள். எழுதிவிட்டேன். நன்றாக ஆடு. தப்பு ஐந்து ஆகாமல் பார்த்துக்கொள்.

உன் அய்யா
முத்தழகு


மண்டபம் முகாம்,
2-1-1964

தவிடனுக்கு அய்யா எழுதுவது. சுகம் விசாரித்து எழுதுகிற கடிதம் இல்லை இது. உட்கார்ந்து படி.

நாக்பூரிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. போன தரம் எட்டுப் பக்கம் எழுதியவன் இந்தத் தரம் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறாய். பெங்களூரில் நாலு ஆட்டமும் ஜெயித்து நாக்பூர் போனீர்கள். அங்கே முதல் இரண்டும் ஜெயித்தீர்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தின நாள், உனக்கு வயது கூடுதல் என்று எதிரணி புகார் கொடுத்தது. கமிட்டி நம் காகிதங்களை எடுத்துப் பார்த்துப் புகாரைத் தள்ளிவிட்டது. மறுநாள், முடிய நாலு நிமிடம் இருக்கும்போது உனக்கு ஐந்தாவது தப்பு. நீ பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உன் அணி ஒரே ஒரு கூடையில் தோற்றது. ஐந்து புள்ளி, இரண்டாம் இடம். இவ்வளவும் எழுதிவிட்டு, கமிட்டியில் அந்தக் காகிதங்களை எனக்கும் காட்டினார்கள் அய்யா என்று ஒரு வரி. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலுக்கு வரவில்லை, பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று முடித்துவிட்டாய்.

என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். மூத்தவனின் இறப்புக் காகிதத்தில் காரணம் என்ற கட்டத்தில் காய்ச்சல் என்று இல்லை. அபின் என்று இருக்கிறது. இருபத்துநாலு வருடம் நான் அந்த ஆபீஸ் பக்கம் போகாததற்கும், பள்ளியில் செத்தவன் காகிதத்தைக் கொடுத்ததற்கும், உனக்குக் கரையான் கதை எழுதியதற்கும் அந்த ஒரு வார்த்தைதான் காரணம். போன கடிதத்திலும் காய்ச்சல் என்று எழுதினேன். நீ தோற்றது என் பொய்யால் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டே ஆடினாயா?

நடந்ததைச் சொல்கிறேன். முகாமில் ஆறாம் நாள் அம்மை குத்திய இடம் வீங்கிப் பிள்ளைக்கு உடம்பு காய்ந்தது. காய்ச்சல் என்று டாக்டர் கண்டால் மூன்று பேரையும் நிறுத்திவிடுவார்கள். ஆடியோடு கூலிக்கு ஆள் போகிற கப்பல் நிற்கப் போகிறது என்று பேச்சு இருந்தது. ஊரில் திரும்பிப் போய்த் தின்ன ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் களையெடுக்கப் போகும்போது பிள்ளை அழாமல் தூங்க நாக்கில் துளி அபின் தொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். என் அம்மா எனக்கும் வைத்திருப்பாள். என் முடிச்சில் கொஞ்சம் இருந்தது. ஏழாம் நாள் காலையில் உன் அம்மா குளிக்கப் போனபோது பிள்ளை என் மடியில் இருந்தான். டாக்டர் வரும்போது முனங்காமல் இருக்கட்டும் என்று கடுகளவு எடுத்து அவன் நாக்கில் வைத்தேன். அப்புறம் ஆண்கள் வரிசை தனி, பெண்கள் வரிசை தனி. பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு என் வரிசைக்குப் போனேன். தூங்குகிற பிள்ளை என்று டாக்டர் அவனை விட்டுவிட்டார். எங்களுக்குச் சீட்டும் கொடுத்துவிட்டார்கள். மத்தியானம் தனுஷ்கோடி வண்டிக்கு மூட்டையைத் தூக்கியபோது அவனை எழுப்பினோம். எழுந்திருக்கவில்லை.

டாக்டர் என்னை மட்டும் ஆபீசுக்குள் கூப்பிட்டுக் கேட்டார். நான்தான் கொடுத்தேன் என்றேன். மறைக்கவில்லை. எவ்வளவு என்றார். கடுகளவு என்றேன். கடுகளவுக்கு இது நடக்காது, இன்னும் ஒரு பங்கு சேர்த்து வைத்திருக்கிறாய், பொய் சொல்லாதே என்று திட்டினார். பிள்ளையைக் கொல்ல நினைத்துச் செய்தவன் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது. ஏட்டில் எழுதினார், அதோடு விட்டார். வெளியே நின்ற உன் அம்மாவிடம் காய்ச்சல் என்று சொன்னேன். அன்றிலிருந்து என் விரல் நுனியை நான் நம்புவதில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து அளக்கச் சொன்னால் சண்டை போட்டாவது தப்பித்துவிடுவேன்.

இப்போது ரயிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உன் அம்மா ஒன்றும் பேசவில்லை என்று எழுதினேன். அதுவும் பொய். குமாஸ்தா அபின் என்று படித்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உச்சிப்புளி தாண்டியதும் சன்னல் பக்கம் பார்த்தபடியே அவள்தான் ஆரம்பித்தாள். அந்தாளு படிச்சது நெசந்தாங்க, நாந்தான் குடுத்தேன் என்றாள். பொம்பளை வரிசையில நிக்கும்போது பிள்ள மேலு கொதிச்சுக் கெடந்துச்சு, டாக்டரு தொட்டுப் பார்த்தா நம்மளத் திருப்பி அனுப்பிருவாகளேன்னு பயந்துட்டேன், பக்கத்துல நின்னவ நகக்கண்ணுல எடுத்துக் குடுத்தா, நாக்குல வச்சேன், காச்சல்தான் கொண்டுபோச்சுன்னு நீங்க சொன்னதும் அதையே பிடிச்சுக்கிட்டு இத்தன வருசம் இருந்துட்டேன், டாக்டருக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு என்றாள்.

டாக்டர் சொன்ன இன்னொரு பங்கு யார் வைத்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருத்தர் வைத்தது தெரியாமல் இன்னொருத்தரும் வைத்திருக்கிறோம். நான் மட்டும் வைத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் மட்டும் வைத்திருந்தாலும் பிழைத்திருப்பான்.

நானும் கொடுத்தேன் பஞ்சம்மா என்று அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். அவள் சொன்னதும் எனக்கு வந்தது அழுகை இல்லை. ஒரு ஆறுதல். நான் மட்டும் இல்லை என்ற ஆறுதல். அடுத்த நொடியில் இன்னொன்றும் தோன்றியது, நான் வாயைத் திறக்காவிட்டால் நான் இல்லவே இல்லை என்று ஆகிவிடும் என்று. அப்படித் தோன்றியவன்தான் உன் அய்யா. வண்டி மண்டபத்தில் நின்றது. பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அவள் என் பின்னால் நடந்து வந்தாள்.

அதிலிருந்து இரண்டு மாதமாக அவள் ஒரு வேளைக் கஞ்சிதான் குடிக்கிறாள். எனக்குச் சமைக்கிறாள், ஆனால் தன் கையால் தட்டில் போடுவதில்லை. சட்டியை என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். சாலிஹாவின் பேரன் தவழ்ந்து வந்தால் தூக்குவதில்லை. நீ அன்னைக்குத் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைய என் கையில திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது, நீயே வளத்திருக்கணும் என்று சாலிஹாவிடம் சொன்னாளாம். சாலிஹா அழுதுகொண்டே என்னிடம் வந்து, லாத்தாவுக்கு என்னண்ணே ஆச்சு, என்ன பேச்சுப் பேசுது என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும் என்றேன். அவளிடமும் பொய்தான் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் சாலிஹாவின் வீட்டுக்காரர் வாவு முகம்மது தோணியில் வரும்போது உன் அம்மா இடுப்பளவு தண்ணீரில் தனியாக நிற்பதைப் பார்த்திருக்கிறார். வாடைக்காற்று அடித்துக் கடல் கலங்கிக் கிடந்த நாள். இறங்கிக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். கால் நனைக்கப் போனேன் என்றாள்.

உன் கடிதம் வந்ததும் பொங்கலுக்கு நீ வரவில்லை என்பதை மட்டும் சொன்னேன். அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு, அதான் வர மாட்டேங்கான் என்றாள். நீ வராதது அவளைப் பார்க்கப் பிடிக்காமல் என்று நினைக்கிறாள். அவளை அப்படி நினைக்க விட்டுவிட்டு நான் மூன்று நாளாகக் கட்டில் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு ராமநாதபுரத்தில் உன்னைத் திட்டினேனே, யாருக்கும் தெரியாததற்கு ஏன் கை தூக்கினாய் என்று. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நாக்பூரில் ஐந்தாவது தப்புக்கும் நீயாகவே கையைத் தூக்கிவிட்டுத்தான் வெளியே போயிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை நீ என்னிடமிருந்து கற்கவில்லை. நான் கை தூக்கியது டாக்டர் முன்னால் மட்டும்தான். தூக்க வேண்டிய இடத்தில் தூக்கவில்லை.

இந்தக் கடிதத்தை இன்னும் உறையில் போடவில்லை. உன் அம்மா அடுப்படியில் இருக்கிறாள். முதலில் அவளிடம் கொண்டுபோய் நானே படித்துக் காட்டப் போகிறேன். சாலிஹாவைப் படிக்கச் சொல்ல மாட்டேன். கடுகளவு என்ற இடத்தையும், ரயிலில் எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதிய இடத்தையும் விடாமல் படிப்பேன். கேட்டுவிட்டு அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. என்னைத் திட்டினால் நல்லது. இந்தக் காகிதம் உன் கையில் இருந்தால் நான் படித்துவிட்டேன் என்று தெரிந்துகொள். படிக்காமல் இதைத் தபாலில் போட மாட்டேன்.

பொங்கலுக்கு வா தவிடா. என்னோடு நீ பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். இந்த வீட்டில் இரண்டு மாதமாக அவள் யாருக்கும் தன் கையால் சோறு எடுத்து வைக்கவில்லை. நீ வந்து உட்கார்ந்து தட்டை நீட்டு. அவள் மாட்டேன் என்பாள். நீட்டிய தட்டை எடுக்காதே. அவள் கையால் போட்டதும், அவள் பார்க்கச் சாப்பிடு.

நாகநாதர் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அய்யா
முத்தழகு